பட்ஜெட்டில் ஒரு பத்தியும் ஒரு படைவீரர் குடும்பமும்: வர்ஜீனியாக் கடற்கரை, 2024

பின்னணி

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில், செசபீக் விரிகுடா அட்லாண்டிக் கடலோடு சேரும் இடத்தைச் சுற்றி நார்ஃபோக், வர்ஜீனியா பீச், போர்ட்ஸ்மவுத், ஹாம்ப்டன், நியூபோர்ட் நியூஸ் முதலிய நகரங்கள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. இந்த வட்டாரத்தை ஹாம்ப்டன் ரோட்ஸ் என்பார்கள். உலகிலேயே மிகப் பெரிய கடற்படைத் தளம் நார்ஃபோக்கில் இருக்கிறது. பணிக்காலத்தில் இங்கே மாற்றலாகி வந்தவர்களில் பலர், ஓய்வு பெற்ற பிறகும் இங்கேயே வீடு வாங்கித் தங்கிவிடுகிறார்கள். மாநிலம் முழுவதும் சுமார் 7 லட்சம் முன்னாள் படைவீரர்கள் வாழ்கிறார்கள். அவர்களில் கணிசமானோர் இந்தக் கடற்கரையைச் சேர்ந்தவர்கள்.

இங்கே கடல் உயர்கிறது, நிலமும் தாழ்கிறது. நார்ஃபோக்கின் சூவல்ஸ் பாயின்ட் அலைமானி 1927 முதல் பதிவு செய்துவரும் அளவுகளின்படி, கடல்மட்டம் நூறாண்டுக்கு ஒன்றரை அடிக்கு மேல் என்ற வேகத்தில் ஏறிவருகிறது. மழையே இல்லாத நாளிலும், பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏற்றம் உச்சமாகும்போது சில தெருக்களில் உப்புநீர் நிற்கும்.

இந்த வட்டாரத்துத் தொகுதி ஒன்றிலிருந்து மாநிலப் பிரதிநிதிகள் அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்தில், மக்களின் மனுக்களைக் கவனிக்கும் பணியில் அப்போது இருந்தேன். அந்த அவையில் 100 பேர். உறுப்பினர் பதவி முழுநேர வேலை அல்ல. ஆண்டுச் சம்பளம் 17,640 டாலர்தான். இரட்டைப்படை ஆண்டுகளில் சட்டமன்றம் தலைநகர் ரிச்மண்டில் 60 நாள்கள் கூடும். மீதி நாள்களில் உறுப்பினர்கள் தத்தம் தொழிலைப் பார்த்துக்கொண்டே தொகுதியையும் பார்க்க வேண்டும். அலுவலகம் என்பது ஓர் உதவியாளர், ஒரு தொலைபேசி, குவியும் மின்னஞ்சல்கள். இந்த அளவை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் நடந்தவை புரியும்.

குடும்பத்தின் இசைவோடு எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

குடும்பத்தின் கணக்கு

கணவர் கடற்படையில் பொறிநுட்பப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். முதுகிலும் நுரையீரலிலும் பாதிப்பு. 2022 ஆகஸ்டில் கையெழுத்தான ‘பாக்ட்’ சட்டம், படைத்தளங்களில் கழிவுகளை எரித்த குழிகளின் புகை போன்ற நச்சுகளால் வந்த நோய்களைப் பணியால் வந்தவையாக ஏற்றுக்கொண்டது. அதன் கீழ் அவருடைய கோப்பு மறுபடியும் பரிசீலிக்கப்பட்டு, 100 விழுக்காடு நிரந்தர ஊனம் என்று முடிவானது. மனைவி பள்ளி ஒன்றில் உதவி ஆசிரியர். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு தடவை ஊர் மாற்றல் வந்துகொண்டிருந்த காலம் முழுவதும் எந்த ஊரிலும் அவரால் வேலையில் ஊன்ற முடியவில்லை. மகன் அரசுக் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு. மகள் 2024 ஜூனில் பள்ளிப் படிப்பை முடிக்கவிருந்தார்.

வர்ஜீனியாவில் இத்தகைய குடும்பங்களுக்கு ஒரு கல்விச் சலுகைத் திட்டம் இருக்கிறது. பணியில் உயிரிழந்தவர்கள், காணாமல் போனவர்கள், குறைந்தது 90 விழுக்காடு நிரந்தர ஊனம் அடைந்தவர்கள் ஆகியோரின் வாழ்க்கைத் துணைக்கும் பிள்ளைகளுக்கும் மாநில அரசுக் கல்லூரிகளில் படிப்புக் கட்டணமும் கட்டாயக் கட்டணங்களும் தள்ளுபடி. மகன் அதில்தான் படித்துக்கொண்டிருந்தார். மகளும் அதில் படிப்பார், பிறகு தாமும் கல்வியியலில் முதுநிலைப் பட்டம் பெற்று முழுநேர ஆசிரியர் ஆகலாம் என்று மனைவி திட்டமிட்டிருந்தார்.

இந்த நிகழ்வில் முக்கியமானது அடுத்து வருவது. கல்விக்கென்று சேர்த்து வைத்திருந்த பணத்தை அவர்கள் 2023-ல் வீட்டுக்குச் செலவிட்டுவிட்டார்கள். வீடு ஓர் ஓடையை அடுத்து, தாழ்வான தெருவில் இருக்கிறது. கூட்டரசு (அமெரிக்க மத்திய அரசு) நடத்தும் வெள்ளக் காப்பீட்டின் புதிய கட்டண முறை 2022 ஏப்ரல் முதல் பழைய பாலிசிகளின் புதுப்பிப்புக்கும் பொருந்தத் தொடங்கியிருந்தது. பெரும்பாலான குடியிருப்பு வீடுகளுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை கட்டணம் ஏறலாம். ஒவ்வொரு புதுப்பிப்பிலும் தொகை கையைக் கடித்தது. ஆகவே வெப்பமூட்டும் கருவியையும் மின்பெட்டியையும் வெள்ள மட்டத்துக்கு மேலே ஏற்றினார்கள். அடித்தளச் சுவரில் நீர் வெளியேறும் திறப்புகளை வைத்தார்கள். பிள்ளைகளின் படிப்புக்கு மாநிலத்தின் வாக்குறுதி இருக்கிறது, வீட்டுக்கு நாம்தான் பொறுப்பு என்று இருவரும் உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவு அது. அன்றிருந்த விதிகளின்படி அது மிகச் சரியான முடிவு.

மே 13: விதி மாறியது

2024 மே 13 அன்று மாநிலத்தின் ஈராண்டு பட்ஜெட் சிறப்புக் கூட்டத்தில் நிறைவேறியது. ஆளுநர் கிளென் யங்கின் அன்றே கையெழுத்திட்டார். நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட அந்த ஆவணத்துக்குள் இந்தக் கல்விச் சலுகையை மாற்றும் பகுதியும் இருந்தது. ஜூலை 1 முதல் சலுகை இளநிலைப் படிப்புக்கு மட்டுமே. மாணவர் முதலில் கூட்டரசின் மாணவர் உதவி விண்ணப்பத்தை நிரப்பி, கிடைக்கும் மற்ற உதவிகளைக் கழித்த பிறகே தள்ளுபடி. வசிப்பிட விதிகளும் இறுகின. ஏற்கெனவே திட்டத்தில் படித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பழைய விதி தொடரும்.

காரணம் இல்லாமல் இந்த மாற்றம் வரவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2019-ல் சுமார் 1,400 மாணவர்கள் இருந்த திட்டத்தில் 2023-க்குள் 6,000-க்கு மேற்பட்டோர் சேர்ந்திருந்தார்கள். தள்ளுபடியான தொகை 1.2 கோடி டாலரிலிருந்து 6.5 கோடி டாலராக வளர்ந்திருந்தது. தள்ளுபடி செய்யுமாறு கல்லூரிகளுக்கு ஆணையிட்ட மாநிலம், அதற்கான பணத்தைக் கொடுத்து வரவில்லை. கல்லூரிகள் அந்தச் சுமையை மற்ற மாணவர்களின் கட்டணத்தில் ஏற்றும் நிலை. இது உண்மையான சிக்கல். ஆனால் இந்த வளர்ச்சியில் ஏமாற்று எதுவும் இல்லை. நீண்ட போர்களின் விளைவுகள் தாமதமாக மருத்துவக் கோப்புகளில் ஏறின. ஊன விழுக்காடு உயர்ந்தவர்களின் எண்ணிக்கை கூடியது. திட்டம் யாருக்காக ஏற்பட்டதோ அவர்களேதான் வந்தார்கள்.

எங்கள் உறுப்பினர் பட்ஜெட்டுக்கு ஆதரவாக வாக்களித்தவர். பள்ளிகளுக்கும் அரசு ஊழியர்களுக்கும் அதில் இருந்தவற்றுக்காக வாக்களித்தார். இந்தப் பகுதியைப் பற்றி அவருக்கு வந்த சுருக்கக் குறிப்பு, இது ‘செலவு வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மாற்றம்’ என்று கூறியது. எழுத்தில் பார்த்தால் அது சரி. எந்த வீட்டில் எந்த மாதத்தில் என்ன ஆகும் என்பது அந்தக் குறிப்பில் இல்லை.

மனுக்களில் கண்டவை

மே மூன்றாம் வாரத்தில் மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. அவற்றில் இந்தக் குடும்பத்தினுடையது தனித்துத் தெரிந்தது. கோபம் குறைவு, தேதிகள் அதிகம். மனைவி எழுதியிருந்தார்: மகளுக்குக் கல்லூரி இடம் கிடைத்த நாள், முன்பணம் கட்டிய நாள், சலுகைக்கு விண்ணப்பித்த நாள், வீட்டு வேலைக்குப் பணம் கொடுத்த நாள். முன்பணம் கட்டியது வழக்கமான மே 1 கெடுவுக்குள். பட்ஜெட் வந்தது அதற்குப் பன்னிரண்டு நாள்கள் கழித்து. வேறு மாநிலக் கல்லூரி ஒன்று உதவித்தொகையோடு கொடுத்த இடத்தை அவர்கள் அதற்குள் மறுத்துவிட்டிருந்தார்கள்.

அந்தக் கடிதத்தைப் படித்த பிறகு மற்றவற்றையும் தேதிகளை வைத்தே அடுக்கிப் பார்த்தேன். பெரும்பாலான மனுக்களின் உள்ளடக்கம் ஒன்றுதான். சலுகை குறைக்கப்பட்டதைவிட, குறைக்கப்பட்ட நேரம்தான் குடும்பங்களை நிலைகுலைய வைத்திருந்தது. ஓராண்டுக்கு முன்பே தெரிந்திருந்தால் வேறு கல்லூரி, வேறு சேமிப்பு, வேறு ஊர் என்று ஏதேனும் வழி தேடியிருப்பார்கள். தேர்வு செய்யும் காலம் முடிந்த இரண்டு வாரத்துக்குள் விதி மாறியதால் எந்த வழியும் மிஞ்சவில்லை.

இன்னொன்றும் கண்டேன். புதிய விதி வலியுறுத்திய மாணவர் உதவி விண்ணப்பம் வழக்கமாக அக்டோபரில் திறக்கும். அந்தக் கல்வியாண்டுக்கோ 2023 டிசம்பர் இறுதியில்தான் திறந்தது. மாணவர் விவரங்கள் கல்லூரிகளைச் சென்றடைய மார்ச் நடுப்பகுதி ஆகிவிட்டது. நாடு முழுவதும் உதவித்தொகைக் கடிதங்கள் தாமதமான ஆண்டு அது. அந்த ஆண்டில் பார்த்து, அந்த விண்ணப்பத்தையே முதல் படியாக்கியது விதி.

வாழ்க்கைத் துணைகளின் நிலை யார் கண்ணிலும் படவில்லை. முதுநிலைப் படிப்பை நீக்கியதால் அடிபட்டவர்களில் பலர் மனைவிமார். துணைவரின் மாற்றல்களுக்காகத் தங்கள் தொழிலை விட்டவர்கள், பிள்ளைகள் வளர்ந்த பிறகு படிப்பைத் தொடர நினைத்தவர்கள். பட்ஜெட் விவாதத்தில் இவர்கள் ஒரு தனிப் பிரிவாகப் பேசப்பட்டதாகவே தெரியவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு சிறியது: பொதுப் பதில் கடிதம் அனுப்புவதில்லை. ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்ற கடிதம் ஏற்கெனவே தயாராக இருந்தது. உறுப்பினர் அதை நிறுத்தச் சொன்னார். பதிலுக்கு ஒவ்வொருவரிடமும் இடம் கிடைத்த நாள், முன்பணம் கட்டிய நாள், சலுகைக்கு விண்ணப்பித்த நாள் ஆகியவற்றைக் கேட்டோம். பேர்களை நீக்கிய அந்தப் பட்டியலை அவர் மற்ற உறுப்பினர்களிடம் எடுத்துச் சென்றார். கண்ணீர்க் கதைகளைவிட அந்த எளிய தேதி அட்டவணை அதிகம் வேலை செய்தது என்பது என் கருத்து. அதை மறுத்துப் பேச யாராலும் முடியவில்லை.

இரண்டாவது, குடும்பத்துக்கு நாங்கள் சொன்னது: இடத்தை விட்டுவிட வேண்டாம், மாணவர் உதவி விண்ணப்பத்தைப் புதிய விதி நிலைத்தாலும் நிலைக்காவிட்டாலும் இப்போதே நிரப்புங்கள், கட்டணக் கெடுவை நீட்டிக்கும்படி கல்லூரிக்கு எழுத்து மூலம் கேளுங்கள். சட்டம் மாறும் என்று நாங்கள் வாக்குக் கொடுக்கவில்லை. அப்படி ஒரு வாக்கைக் கொடுக்க எந்த அலுவலகத்துக்கும் உரிமை இல்லை. இரண்டு திசையிலும் எதுவும் கைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வதே அப்போதைக்கு எங்களால் இயன்றது.

மூன்றாவதுதான் கடினமான முடிவு. சட்டமன்றத்தில் இரண்டு பேச்சுகள் நடந்தன. ஒன்று, புதிய விதியை ஓராண்டு தள்ளிப்போடுவது. மற்றொன்று, அதை முற்றிலும் நீக்கிவிட்டு, திட்டத்தை முறையாக ஆராய்ந்து பிறகு தீர்மானிப்பது. உறுப்பினர் தொடக்கத்தில் முதல் வழிப் பக்கம் இருந்தார். செலவு வளர்ச்சி பொய்யல்லவே என்பது அவர் வாதம். இந்தக் குடும்பத்தின் கோப்பை எடுத்து இரண்டு வழிகளையும் அதன் மேல் வைத்துப் பார்த்தோம். ஓராண்டுத் தள்ளிவைப்பு மகளைக் காப்பாற்றும். மனைவியின் முதுநிலைப் படிப்பு இரண்டாண்டு. பாதி வழியில் நின்றுவிடும். இப்போது பத்தாம், பதினொன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் வீடுகளுக்குக் கெடு ஓராண்டு நகரும், அவ்வளவுதான். அதன் பிறகு அவர் முழு நீக்கத்தை ஆதரித்தார்.

ஆனால் ஒரு நிபந்தனையோடு. நீக்கம் மட்டும் போதாது, பணமும் சேர்ந்து வர வேண்டும் என்றார். அவர் தொகுதியில் கல்லூரி மாணவர்களின் குடும்பங்களும் இருக்கின்றன; படைவீரர் பிள்ளையின் தள்ளுபடியை ஹோட்டலில் வேலை பார்க்கும் தாயின் பிள்ளை கட்டும் நிலை நியாயம் அல்ல. படைவீரர்களுக்குக் கொடுத்த வாக்கு மாநிலம் முழுவதற்குமான வாக்கு. அதன் செலவும் மாநிலத்தின் கருவூலத்திலிருந்து வர வேண்டும். இந்த நிலைப்பாட்டை அவர் தொகுதிக் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொன்னார். தாம் பட்ஜெட்டுக்கு வாக்களித்ததையும் மறைக்கவில்லை. அதைக் கேட்ட சிலர் எழுந்து வெளியே போனார்கள். பலர் இருந்து கேட்டார்கள்.

வெள்ளக் காப்பீடு வேறு கதை. அது கூட்டரசின் திட்டம், மாநில உறுப்பினரின் கை அங்கே எட்டாது. ‘எங்கள் அதிகாரத்தில் இல்லை’ என்று கோப்பை மூடிவிடுவது எளிது. காப்பீட்டு ஆவணத்தை வாங்கிப் பார்த்தபோது, உயர்த்திய கருவிகளும் சுவர்த் திறப்புகளும் அதில் பதிவாகவே இல்லை. செலவு செய்த குடும்பத்துக்குச் சலுகை வந்து சேரவில்லை. நில அளவையாளர் ஒருவரிடம் உயரச் சான்றிதழ் பெற்று முகவரிடம் கொடுக்கச் சொன்னோம். கோப்பைத் தொடர்ந்து கவனிக்கும்படி கூட்டரசுப் பிரதிநிதியின் அலுவலகத்துக்கும் எழுதினோம். தெருவில் நீர் நிற்பது நகராட்சியின் பொறுப்பு. மாநிலத்தின் வெள்ளத் தயார்நிலை நிதி உள்ளூர் அரசுகளுக்கே கிடைக்கும், தனி வீட்டுக்குக் கிடைக்காது. எனவே அந்தத் தெருவை நகராட்சியின் அடுத்த விண்ணப்பத்தில் சேர்க்கும்படி உறுப்பினர் கேட்டார்.

ஜூன் 18 முதல் ஜூலை 18 வரை

நீக்கத்துக்காக அழைக்கப்பட்ட கூட்டத்தில் சட்டமன்றத்தின் மேலவையான செனட் ஜூன் 18 அன்று வாக்கெடுப்பின்றிக் கலைந்தது. அன்று ரிச்மண்ட் வரை வந்து காத்திருந்த படைவீரர் குடும்பங்கள் வெறுங்கையோடு திரும்பின. பிரதிநிதிகள் அவை ஜூன் 28 அன்று விதியை நீக்க ஒருமனதாக வாக்களித்தது. செனட்டோடு உடன்பாடு எட்டாததால் அது சட்டமாகவில்லை. ஜூலை 1 வந்தது. புதிய விதி ஏட்டளவில் நடைமுறைக்கு வந்துவிட்டது.

அந்த வாரங்களில் அந்த வீட்டில் நடந்ததைத்தான் யாரும் பதிவு செய்வதில்லை. மனைவியின் முதுநிலை இடத்துக்கு ஜூன் இறுதியில் முன்பணம் கட்ட வேண்டியிருந்தது. சலுகை இருக்குமா என்று தெரியாமல் கட்ட அவர்களால் முடியவில்லை. இடத்தை விட்டுவிட்டார். மகன் தன் அறை வாடகைக்காகக் கூடுதல் நேரம் வேலைக்குப் போனார். கணவர் ஒருநாள் தொலைபேசியில் என்னிடம் சொன்னார்: “ஐயா, கப்பலில் இருந்தபோது அடுத்த துறைமுகம் எது என்றாவது முன்கூட்டியே சொல்வார்கள்.”

ஜூலை 18 அன்று இரு அவைகளும் ஒருமனதாக நீக்கத்தை நிறைவேற்றின. கட்டுப்பாடுகள் எல்லாம் விலகின. பட்ஜெட்டில் முன்பே இருந்த ஆண்டுக்கு 2 கோடி டாலரோடு, ஈராண்டுக்கு மேலும் 9 கோடி டாலர் சேர்ந்தது. கணக்கிட்டால் ஆண்டுக்கு 6.5 கோடி. தள்ளுபடியின் அன்றைய அளவுக்கு ஈடான தொகை. எங்கள் உறுப்பினர் கேட்ட நிபந்தனையும் இதுதான். அதைக் கேட்டவர் அவர் மட்டும் அல்லர், இரு கட்சிகளிலும் பலர் கேட்டார்கள்.

விளைவு

மகளின் சலுகை ஒப்புதல் வந்தது. கல்லூரி கெடுவை நீட்டித்திருந்ததால் தாமதக் கட்டணம் ஏதும் இல்லாமல் ஆகஸ்டில் வகுப்பில் சேர்ந்தார். மாணவர் உதவி விண்ணப்பத்தை முன்பே நிரப்பியிருந்ததில் சிறிய தொகை ஒன்றும் கிடைத்தது. அது புத்தகங்களுக்கு உதவியது.

மனைவி விட்ட இடம் திரும்பக் கிடைக்கவில்லை. அடுத்த சேர்க்கைக்காக ஓராண்டு காத்திருந்தார். சட்டம் முழுமையாகச் சரிசெய்யப்பட்ட பிறகும் ஈடு செய்யப்படாத இழப்பு இது. எந்தக் கணக்கிலும் இது வராது. இவரைப் போல எத்தனை பேர் அந்த ஜூனில் இடத்தை விட்டார்கள் என்பதை யாரும் எண்ணிவைக்கவில்லை.

உயரச் சான்றிதழைக் கொடுத்த பிறகு காப்பீட்டுக் கட்டணம் திருத்தப்பட்டு ஓரளவு இறங்கியது. தெரு அப்படியே இருக்கிறது. நகராட்சி அதைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது, பட்டியல் நீளமானது.

மாற வேண்டியவை

அந்த அலுவலகத்தில் இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறது. சலுகைகளைத் தொடும் பட்ஜெட் பகுதி எதுவாயினும் வாக்கெடுப்புக்கு முன் மனுக்களைக் கவனிப்பவரின் மேசைக்கு வருகிறது. சட்ட நுணுக்கம் தெரிந்தவர்கள் ரிச்மண்டில் இருக்கிறார்கள். ஒரு குடும்பம் எந்த மாதத்தில் முன்பணம் கட்டுகிறது, எந்த மாதத்தில் காப்பீட்டைப் புதுப்பிக்கிறது என்பது தொலைபேசியை எடுப்பவருக்குத்தான் தெரியும். இந்த இரண்டு அறிவும் மே 13-க்கு முன் ஒரே அறையில் சந்தித்திருந்தால் அந்தக் கோடையே வேறாக இருந்திருக்கும். மற்ற அலுவலகங்களுக்கு என் பரிந்துரை இதுவே. இதற்குச் செலவு எதுவும் இல்லை.

கல்விச் சலுகையில் மாற்றம் வருமானால், அறிவிப்புக்கும் நடைமுறைக்கும் இடையே ஒரு முழுச் சேர்க்கைச் சுற்றாவது இருக்க வேண்டும். பட்ஜெட்டின் நிதியாண்டு ஜூலையில் தொடங்குகிறது என்பதற்காகக் குடும்பங்களின் ஆண்டும் ஜூலையில் தொடங்காது. மே முதல் நாளில் முடிவெடுத்துவிடும் வீட்டுக்கு ஜூலை 1 என்பது மிகத் தாமதம்.

படைவீரர் நலம், கடலோர வெள்ளம் என்று அலுவலகக் கோப்புகளைத் தனித்தனி அலமாரியில் வைப்பதையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும். இந்த வட்டாரத்தில் இரண்டு கோப்புகளிலும் பெரும்பாலும் ஒரே முகவரிதான். ஒன்றில் தைரியம் கிடைத்ததால் மற்றொன்றில் செலவு செய்தது இந்தக் குடும்பம். முதல் கடிதம் வந்த நாளிலேயே காப்பீட்டைப் பற்றியும் கேட்டிருந்தால், ஒரு புதுப்பிப்புக்கு முன்பே கட்டணம் திருந்தியிருக்கும். இப்போது படைவீரர் குடும்பம் எதற்காக அழைத்தாலும், வீடு வெள்ளப் பகுதியில் இருக்கிறதா என்று கேட்கிறார்கள்.

செலவு வளர்ச்சி என்ற கேள்வி தீர்ந்துவிடவில்லை. ஜூலையில் ஒதுக்கிய பணம் 2026 ஜூன் 30-ல் முடியும் ஈராண்டுக்கானது. மகளின் படிப்பு 2028 வரை இருக்கிறது. தாயின் படிப்பு அதற்கு ஓராண்டு முன்பு முடியும். இருவரின் பெயரிலும் கோப்புகளைத் திறந்தே வைத்திருக்கும்படி உறுப்பினர் சொல்லியிருக்கிறார்.